வேலணையில் மக்கும் வைக்கோல்: தீயிடுவதா, மண்ணுக்குத் திருப்புவதா?

மாரிமழை ஓய்ந்து, புதிய நெல் அறுவடைக்கு நாள் பார்க்கப்படும் மார்கழி, தை மாதங்களில் தீவகத்துக் கமக்காரர் முன் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகின்றது. சென்ற ஆண்டின் வைக்கோலில் மாடு தின்றது போக எஞ்சியதை என்ன செய்வது என்பதே அக்கேள்வி. கார்த்திகை மழையில் நனைந்து, கறுத்து, பூஞ்சணம் பிடித்து, நாற்றமெடுத்த அக்கட்டுகளை மாடு முகர்ந்தும் பார்ப்பதில்லை. புதிய வைக்கோலுக்கு இடம் வேண்டும். பெரும்பாலானோர் காணும் விடை தீக்குச்சிதான். சிலர் இரவோடிரவாக வீதியோரத்திலோ ஆளில்லாத காணியொன்றிலோ கொட்டிவிடுகின்றனர். இதனைச் சிறு விடயமென ஒதுக்க முடியாது என்பதே நமது கருத்து.

முன்னர் இக்கேள்வி இவ்வளவு பெரிதாக எழுந்ததில்லை. வேலணையின் வயல்கள் மழையை மட்டுமே நம்பியவை. ஆண்டுக்கு ஒரு போகந்தான். ஆகவே வைக்கோல் அருமையான பொருளாக இருந்தது. சூடடித்து முடிந்ததும், நிலத்தின் ஈரம் ஏறாதவாறு கல்லும் பனங்குற்றியும் அடுக்கி, அதன்மேல் மழைநீர் வழிந்தோடும் வண்ணம் கூம்பாகப் பட்டடை கட்டுவர். அவ்வாறு கட்டுவது ஒரு கைத்திறன். உழவு மாடும் பால்மாடும் அதனைத் தின்றன. தின்றது எருவாகித் தோட்டத்துக்குப் போயிற்று. கழித்த கூளமும் எருக்கும்பியில் சேர்ந்தது. மக்கிய வைக்கோல் என்று தனியாக ஒரு குப்பை அந்நாளில் இருக்கவில்லை.

உழவு இயந்திரம் வந்ததும் உழவு மாடு போயிற்று. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகள் தீவகத்தின் தொழுவங்களை வெறுமையாக்கின. போனவர்களில் ஒரு பகுதியினரே திரும்பினர். ஏனையோரின் காணிகள் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் உரிமையாளரைக் கொண்டு இன்றும் பற்றையாகக் கிடக்கின்றன. அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோல் நொறுங்கி வயலிலேயே சிதறிவிடுகின்றது. அதனைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் கிடைக்கும் இடங்களில் இறுக்கமான கட்டுகளாக வருகின்றது. பண்ணைத் தாம்போதி வழியாகப் பெருநிலப்பரப்பிலிருந்து ஏற்றிவரப்படும் கட்டுகளும் அத்தகையவையே. பட்டடையைப்போல் அவற்றில் மழைநீர் வழிந்தோடுவதில்லை; உள்ளே இறங்கித் தங்கிவிடுகின்றது. ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட நிலையில் இறுக்கிக் கட்டப்பட்டால் நுண்ணுயிர்களின் செயற்பாட்டினால் கட்டின் நடுப்பகுதி வெம்மையடையும். சில வேளைகளில் தானாகவே தீப்பற்றுவதுமுண்டு.

தீயிடுவதால் நாம் எதனை இழக்கின்றோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு நெல்லுக்குப் போவதில்லை. அது வைக்கோலிலேயே தங்கிவிடுகின்றது. ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 15 கிலோ பொட்டாசியமும் 6 கிலோ அளவில் நைதரசனும் உண்டு. அப்பொட்டாசியத்தைக் கடையில் வாங்குவதானால் சுமார் 30 கிலோ மியூறியேற் ஒவ் பொட்டாஷ் தேவை. 50 கிலோ மூடையில் பாதிக்கு மேல். எரித்தால் நைதரசன் அநேகமாக முழுவதும் புகையாகிவிடும். பொட்டாசியத்தின் பெரும்பகுதி சாம்பலில் எஞ்சினாலும், குவித்து எரித்த ஓரிடத்தில் தேங்கி அடுத்த மழையில் கழுவுண்டு போகும். எரிக்காமல் திறந்தவெளியில் கிடக்க விட்டாலும் மழை அதனைக் கரைத்துச் செல்லும் என்பது வேறு. விலை கொடுத்துக் கப்பலில் இறக்கும் பொருளை நாம் வயலோரத்தில் கொளுத்துகின்றோம்.

மக்கிய வைக்கோலை மாட்டுக்கே போட்டுத் தீர்க்கலாமென எண்ணுவோரும் உளர். அது ஆபத்தானது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தின்ற எருமைகளுக்குக் காதும் வாலும் குளம்போரமும் அழுகி விழும் டெக்னாலா என்னும் நோயை இந்திய, பாகிஸ்தானியக் கால்நடை வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவர். அந்நோயின் பெயரே பஞ்சாபின் டெக் நாலா என்னும் ஓடைப் பகுதியிலிருந்து வந்தது. கட்டைப் பிரிக்கும்போது எழும் தூசு மனிதரின் நுரையீரலையும் தாக்கும். தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பிரிப்பதே முறை. யூரியாக் கரைசல் இட்டு வைக்கோலைச் சத்தூட்டும் முறை நல்ல வைக்கோலுக்குரியது. அழுகியதை அது தீனியாக்கிவிடாது.

தீனியின் கதை இத்துடன் முடிவதில்லை. ஆவணி, புரட்டாதியில் தரவைகள் காய்ந்து, கையிருப்பு வைக்கோலும் தீர்ந்தபின் மாடுகள் கட்டாக்காலியாக விடப்படுகின்றன. அவை பசியால் வீதியோரக் குவியலில் வாய்வைத்து, கட்டோடு கிடக்கும் பிளாஸ்ரிக் கயிற்றையும் விழுங்குகின்றன. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. வயிறு நிறையாத மாடு குளிரையும் தாங்காது. உரியவர் கண்ணில் இல்லாத மாடு களவுக்கும் எளிது. தீவகத்தில் மாடு களவு போகும் செய்திகளைச் சிலர் சமூகங்களுக்கிடையிலான விவகாரமாகத் திரிக்க முனைவதை நாம் ஏற்பதற்கில்லை. களவைப் பொலிஸார் பார்க்க வேண்டும்; தீனியைக் கமக்காரரும் திணைக்களமும் பார்க்க வேண்டும்.

இதனினும் அவசரமானது மனித உயிர். 2024 நவம்பர் வெள்ளத்தைத் தொடர்ந்து டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தபோது, முதலில் காரணம் தெரியாமல் மக்கள் அஞ்சினர். பின்னர் அது எலிக்காய்ச்சல் என உறுதியாயிற்று. வயலில் வெள்ளம் ஏறும்போது எலி மேட்டைத் தேடும். வீட்டு வளவில் நனைந்து கிடக்கும் வைக்கோற் குவியலைவிட அதற்கு வாய்ப்பான மேடு வேறில்லை. எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில், வெறுங்காலோடும் வெறுங்கையோடும் கட்டைக் கிளறுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் கூலியாட்களுமே. காலில் பாதணியும் கையில் உறையும் இன்றி இவ்வேலையில் எவரும் இறங்கலாகாது. காலில் புண்ணுள்ளவர் அறவே தவிர்த்தல் நன்று.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? கூட்டெரு என்பதே விடை. அது புதிதன்று, ஆயினும் முறையாகச் செய்யப்படுவதில்லை. புது வைக்கோலில் நைதரசனைவிடக் காபன் அறுபது மடங்குக்கும் அதிகம் என்பதால் அது மக்க நெடுநாள் பிடிக்கும். பாதி மக்கியதோ அவ்வழியில் ஏற்கெனவே தொலைதூரம் வந்துவிட்டது. பிளாஸ்ரிக் கயிற்றை முதலில் அகற்றி, வைக்கோலை ஒரு சாணளவு பரப்பி, மேலே சாணமும் சீமைக்கிளுவை இலையும் இட்டு, நாலைந்து அடி உயரம் வரை அடுக்க வேண்டும். மழை நேரே விழாமல் பனையோலையால் மூடி, இரு வாரத்துக்கொருமுறை புரட்டினால் மூன்று நான்கு மாதங்களில் எருவாகும். குவியலின் உள்வெம்மை 55 பாகைக்கு மேற்சென்றால் களைவித்துகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். புரட்டும்போது கையை வைக்க முடியாத சூடு இருந்தால் வேலை சரியாக நடக்கின்றதென்று கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்தியாக வேண்டும். வேலணையின் நன்னீர் என்பது சுண்ணக்கல்லிலும் மணலிலும் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதப்பது. சாட்டிப் பகுதிக் கிணறுகளை அயற் கிராமங்களும் நம்பியிருக்கின்றன. எருக்கும்பியின் கசிவு அந்நீரில் இறங்க விடலாகாது. கிணற்றுக்கு அண்மையில் கும்பி வைப்பவர் தம் பிள்ளைகள் குடிக்கும் நீரில் நைத்திரேற்றைக் கலக்கின்றார். அதே நீரின் அருமை கருதி மிளகாய், வெங்காயப் பாத்திகளுக்கு மக்கிய வைக்கோலை மூடாக்காக இடுவதும் தக்கது. இறைக்கும் நீர் வெயிலில் வீணாவது குறையும்.

சேதனப் பசளை என்ற சொல்லே இன்று பல கமக்காரரின் காதில் கசக்கின்றது என்பதை நாம் அறிவோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்து, விளைச்சல் வீழ்ந்தபின் நவம்பரில் அத்தடையைக் கைவிட்ட அரசாங்கம், நல்லதொரு பொருளுக்குக் கெட்ட பெயரைத் தேடிக்கொடுத்துச் சென்றது. நாம் பசளை மூடையைக் கைவிடச் சொல்லவில்லை. மூடையின் ஒரு பகுதி வீட்டு வளவிலேயே கிடக்கின்றது என்கிறோம்.

ஆயினும் கமக்காரரை மட்டும் நோக்கி உபதேசம் செய்வது நியாயமன்று. நான்கு தொன் ஈர வைக்கோலைக் கிளறிப் புரட்ட ஒரு முதியவரால் ஆகுமா? தீவகத்தில் இன்று கமம் செய்வோரில் முதியோரே அதிகம். இந்தியாவில் பஞ்சாப், ஹரியானா வயல்களின் புகை டெல்லியை மூடியபோது தண்டம் விதித்தும் வழக்குத் தொடுத்தும் பார்த்தனர். ஈற்றில், எரிக்காத சிறு விவசாயிக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபா வழங்குமாறு 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கூற வேண்டியதாயிற்று. அங்கு இன்றும் புகை முற்றாக நின்றபாடில்லை. மாற்று வழியின் செலவை யார் ஏற்பதென்பது தீராமல் தடை மட்டும் பலிக்காது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்வெளிகளில் அறுவடைக்குப்பின் எழும் புகைக்கும் இது பொருந்தும். 1990இல் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் மீண்டும் வயலில் இறங்கிய மன்னார், முசலிக் கமக்காரருக்கும் இதே கேள்வி உண்டு.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கழிவகற்றலைச் சபைகளின் பொறுப்பாக்கியுள்ளது. 2023 மார்ச்சுக்குப்பின் ஈராண்டுகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கிய சபைகளுக்கு 2025 மே மாதத் தேர்தல் மீண்டும் உறுப்பினரைத் தந்துள்ளது. வயற் கழிவு எமது பொறுப்பன்று எனச் சபையும், குப்பை எமது பொறுப்பன்று எனக் கமநல சேவை நிலையமும் கைவிரிக்குமாயின், தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாத பட்டடை நாயின் கதையாகவே அது முடியும். மார்கழியில் இரு வாரங்கள் சபையின் உழவு இயந்திரமும் பெட்டியும் வட்டாரம் வட்டாரமாகச் சென்று பழைய வைக்கோலை ஏற்றினால் போதும். கிணறுகளுக்கு அப்பாற்பட்ட பொதுக் காணியொன்றில் அதனைக் குவித்து, கமக்காரர் அமைப்புகளின் கையில் எருவாக்கி, வைக்கோல் கொடுத்தவருக்கே விதைப்புக்கு முன் பங்கிட்டுக் கொடுக்கலாம். இதற்கு வெளிநாட்டு உதவி தேவையில்லை. எரிபொருளுக்கும் கூலிக்கும் சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி ஒதுக்கினால் வரும் மாரிக்குள்ளேயே தொடங்கிவிடலாம்.