கிண்ணத்தைக் கொடுத்த கை எது?

வில்லியனூரிலோ பாகூரிலோ அரும்பு மீசை இளைஞன் ஒருவன் மதுக்கிண்ணம் ஏந்தினால், ஊர்ப் பெரியவர்கள் உடனே தீர்ப்புரைப்பர்: "கலிகாலம்! தலைவிதி!"

விதியா வார்த்தது மதுவை? காரணமின்றிக் காரியமில்லை, தோழர்களே! மணவீட்டில் மது, பிணவீட்டில் மது, திருவிழாவிலும் மது. குடிப்பவனே ஆண்மகன் என்று வீதியும் வெண்திரையும் ஓதுகின்றன. "போய் வாங்கி வா" என்று மகனைக் கடைக்கு ஏவும் தந்தையே, பின்னொருநாள் அவன் குடித்தான் என்று கம்பெடுக்கிறார். கற்றுக் கொடுத்தவர், கற்றவனைத் தண்டிப்பதா?

அரசின் முறையோ அதனினும் விந்தை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது. புதுவையில் 18 நிரம்பினாலே போதும். பாகூருக்கும் கடலூருக்கும் இடையே ஓடுவது தென்பெண்ணை. அந்த ஆற்றைக் கடந்தால் இளைஞனின் மூளை மூன்றாண்டு முன்னதாக முதிர்ந்துவிடுமோ? இருபத்தைந்து வயதளவும் மூளை வளர்கிறது என்கிறது அறிவியல். கருவூலமோ கலால் வருவாயை எண்ணுகிறது! மதுவிலக்குக்கு முயலவேண்டும் என்னும் அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு ஏட்டிலே உறங்குகிறது.

செய்ய வேண்டுவது யாது? புதுவையும் வயது வரம்பை 21 ஆக்கட்டும். வயதுச் சான்று காணாமல் விற்கும் கடையை மூடட்டும். கொம்யூன்தோறும் படிப்பகமும் விளையாட்டுத் திடலும் எழட்டும். குடிக்கு அடிமையானவனுக்குக் கம்பு வேண்டாம், மந்திரித்த கயிறு வேண்டாம், மருத்துவம் வேண்டும்.

இளைஞர்களே, மதுவில்லா மணவிழாவை உங்கள் இல்லத்திலிருந்தே தொடங்குங்கள். பெரியவர்களே, மகனைத் திருத்துமுன் உங்கள் கையிலுள்ள கிண்ணத்தைக் கீழே வையுங்கள்!