அலுத்தது விளையாட்டா, ஆளா?

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு நமது பத்திரிகையில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நாம் சொல்ல வந்தது சிறுவர்களைப் பற்றியல்ல. நாற்பது வயதைத் தாண்டிய ஆட்டக்காரர்களைப் பற்றி.

2004ல் அமெரிக்காவின் பிளிசார்ட் கம்பெனி ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. மாதச் சந்தா கட்டி ஆட வேண்டும். 2010ல் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர். கோட்டைக்குள் புகுந்து அரக்கனைக் கொன்றால் வாளோ கேடயமோ கிடைக்கும். அரிய பொருள் லேசில் விழாது. அதற்காக ஒரே கோட்டையைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதற்குப் பெயர் ‘கிரைண்டிங்’; நம் பாஷையில் அரைத்த மாவையே அரைப்பது. ‘இன்வின்சிபிள்’ என்றொரு குதிரை உண்டு. ஒரு பாத்திரத்தைக் கொண்டு வாரம் ஒரு தடவைதான் முயலலாம், கிடைப்பது சுமார் நூற்றில் ஒரு தடவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு வாரம் விடாமல் போன நூறு பேரில் சுமார் முப்பத்தேழு பேருக்கு வெறுங்கைதான்!

இருபது வயதில் ராத்திரி முழுதும் விழித்து இப்படி அரைத்தவர்கள் இன்று “போதுமப்பா” என்கிறார்கள். வயதாகிவிட்டது, புத்தி வந்துவிட்டது என்று காரணம் கூறப்படுகிறது. நாம் இதை ஒப்பவில்லை. 2019 ஆகஸ்டில் அதே கம்பெனி பழைய, மெதுவான விளையாட்டை மறுபடி திறந்தபோது, பழைய ஆட்கள் மணிக்கணக்கில் காத்திருந்து நுழைந்தார்களே, ஏன்? ருசி சாகவில்லை. நேரம்தான் இல்லை. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நம் இஷ்டம் என்று 1886ல் சிக்காகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்திக் கேட்டார்கள் அல்லவா? அந்த மூன்றாவது எட்டு மணிதான் பறிபோயிருக்கிறது.

கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும். இளமையில் நேரமிருந்தது, காசில்லை. இப்போது கையில் கொஞ்சம் காசு, நேரமில்லை. 2014ல் 60 டாலர் கொடு, 90வது படிக்கு ஒரே தாவாகத் தாவு என்றது. 2015ல் 20 டாலருக்கு ஒரு டோக்கன் விற்றது. அதை விளையாட்டுக்குள் விற்றுத் தங்கமாக்கிக் கொள்ளலாம். அரைக்க வைத்தவனே, அரைக்காமலிருக்கவும் காசு வாங்குகிறான்! வட்டிக்கடைக்காரனுக்குக்கூட இந்த யோசனை தோன்றியதில்லை.

ஆனால் கம்பெனி கடை விரிக்கும் முன்பே அந்தத் தங்கத்தை வேறு ஆட்கள் அரைத்து வந்தார்கள். சீனாவின் நான்ஜிங் நகரப் பட்டறை ஒன்றைப் பற்றி 2007ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை எழுதியது. வாலிபர்கள் ராத்திரி ஷிப்டில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து அரக்கர்களைக் கொன்று தங்கம் சேர்த்தார்கள். தரகர்கள் அதை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு விற்றார்கள். வாலிபனுக்குக் கிடைத்த கூலி மணிக்குச் சுமார் 30 சென்ட். அமெரிக்க ஆபீஸ் சிப்பந்தி மிச்சம் பிடித்த ராத்திரி, நான்ஜிங் வாலிபன் தொலைத்த ராத்திரிதான்.

அந்தப் பையன்களில் சிலர் ஷிப்டு முடிந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே விளையாட்டைத் தங்கள் சொந்த சந்தோஷத்துக்காக ஆடினார்கள்.