வாயு நிரப்பும் முன் விசிறியைப் பாருங்கள்



ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் வெப்பக் காற்றை வீசும் கார் ஏசிக்கு உடனே வாயு நிரப்பும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். வாயுவின் வெப்பத்தை வெளியேற்றும் முன்புறக் குழாய்த்தொகுதியான கண்டென்சர், அதன் மின்விசிறி சுழலாதபோது சூடேற, அழுத்தம் மிகுந்து, அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடுவது பல வேளைகளில் இதற்குக் காரணமாகும். விசிறியின் ஃபியூஸ் சரியாக இருப்பின், சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரு மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சான ரிலேயின் 30ஆம் முனையில் 12 வோல்ட் இருக்கிறதா என்றும், ஏசியைப் போட்டதும் அது 87ஆம் முனைக்கு வருகிறதா என்றும் மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். வந்தும் விசிறி சுழலாவிட்டால், துருப்பிடித்த எர்த் இணைப்பையும் மோட்டாரையும் சோதிக்க வேண்டும். அடிக்கடி எரியும் ஃபியூஸுக்குப் பதிலாகக் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸைப் பொருத்துவது, கம்பியையே உருக்கித் தீ விபத்துக்கு வழிவகுக்குமாதலால், பணிமனைகள் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

— வாசகர்