வாஷிங் மெஷினை ஒரு தடவை திறந்துதான் பாருங்களேன்

உங்க வீட்டு வாஷிங் மெஷின் நின்னு போச்சுன்னா முதல்ல என்ன செய்வீங்க? கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுவீங்க. நாலு வருஷமா மோட்டார், சென்சார், கண்ட்ரோல் சிஸ்டம்னு படிச்ச நாமளும் அதையேதான் செய்றோம். இது எனக்குச் சரியாப் படல. வாரண்டி முடிஞ்ச மெஷினை முதல்ல நாமதான் திறந்து பார்க்கணும்ங்கிறது என் கட்சி. காசு மிச்சம் ஆகும்ங்கிறதுக்காக மட்டும் இல்ல.

எங்க ஊர் ஆனைமலை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தென்னந்தோப்பு. தோப்புல மோட்டார் ஓடலன்னா யாரும் கம்பெனிக்குப் போன் போடறதில்ல. மோட்டார் ரூமைத் திறந்து ஃபியூஸைப் பார்ப்பாங்க, ஸ்டார்ட்டரைப் பார்ப்பாங்க. காயில் கருகியிருந்தா கழட்டி வைண்டிங் கடைக்குக் கொண்டு போவாங்க. ஆனா அதே ஆள், வீட்டுல வாஷிங் மெஷின் நின்னா மட்டும், "அதெல்லாம் கம்பெனிக்காரந்தான் வந்து பாக்கோணும் சாமி"ன்னு ஒதுங்கிடுவார். ரெண்டுக்கு உள்ளேயும் இருக்கிறது மோட்டார்தான்.

பிரிச்சுப் பார்த்துக் கத்துக்கிறது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. ஜி.டி. நாயுடு ஒரு அதிகாரி ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கிப் பிரிச்சு மாட்டித்தான் மெக்கானிக் ஆனார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவின் முதல் எலக்ட்ரிக் மோட்டாரைத் தயாரிச்சார். நம்ம ஜி.சி.டி.க்கு முன்னோடியான ஆர்தர் ஹோப் கல்லூரி 1945-ல் உருவானதும் அவரால்தான். இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் எதுக்கு, ரெண்டு வருஷம் போதும்னு சொன்னவர். அரசு ஒத்துக்கல, விலகிட்டார். அப்புறம் 1955-ல் பி. சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டி வெட் கிரைண்டர் ஆக்கினார். இந்த ஊர் தொழில் ஊரானது திறந்து பார்க்கப் பயப்படாத ஆட்களால்தான்.

சரி, வாஷிங் மெஷினுக்கு வருவோம். போன வருஷம் எங்க வீட்டு மெஷின் தண்ணி வரலன்னு எரர் காட்டி நின்னுச்சு. வந்த சர்வீஸ் ஆள் போர்டு போச்சுன்னு சொல்லி ஆறாயிரம் கேட்டார். அப்பா யோசிச்சிட்டு இருந்தப்ப நான் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிட்டு, பின்னாடி பைப்பைக் கழட்டினேன். இன்லெட் வால்வோட வாயில சின்னதா ஒரு வலை இருக்கும். போர் தண்ணி உப்பு படிஞ்சு அது முழுக்க அடைச்சிருந்தது. பழைய டூத் பிரஷ், கொஞ்சம் வினிகர், கால் மணி நேரம். மெஷின் இன்னைக்கும் ஓடுது. அவர் ஏமாத்தினார்னு நான் சொல்ல வரல. நாளெல்லாம் வீடு வீடா ஓடறவருக்கு, தேடறதை விட பார்ட் மாத்தறதுதான் சீக்கிரம் முடியற வேலை. தேடறதுக்கு நேரம் இருக்கிறது நமக்குத்தான்.

பெரும்பாலான கோளாறு இப்படி எளிமையானதுதான். தண்ணி வெளியே போகலையா? டிரெயின் பம்ப் ஃபில்டர்ல ஹேர்பின்னோ காசோ சிக்கியிருக்கும். செமி ஆட்டோமேட்டிக்ல மோட்டார் "ம்ம்ம்"னு முனகுது, சுத்த மாட்டேங்குதா? கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்க. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானாக் கிளம்பாது, ரெண்டாவது வைண்டிங்குக்கு ஃபேஸ் வித்தியாசம் வேணும்னு பதிமூணு மார்க் கேள்விக்கு எழுதினோமே, அதேதான் இது. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டேஜ் மதிப்புள்ளதா வாங்கி மாத்தினா முடிஞ்சது. விலை சில நூறு ரூபாய்க்குள்ள.

ஆனா எல்லை தெரிஞ்சு இறங்குங்க. ஸ்விட்சை ஆஃப் பண்ணா போதாது, பிளக்கையே பிடுங்கணும். கெப்பாசிட்டர் அதுக்கப்புறமும் சார்ஜ் வெச்சிருக்கும். ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணி, மல்டிமீட்டர்ல பூஜ்யம்னு பார்த்த பிறகுதான் கை வைக்கணும். எர்த் ஒயரைத் திரும்ப மாட்டாம மெஷினை மூடவே கூடாது. தண்ணியும் 230 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற பொருள் இது. இன்வெர்ட்டர் போர்டு வரைக்கும் போகணும்னா தெரிஞ்சவங்க கூட இருக்கணும்.

"நாமளே செஞ்சா மெக்கானிக் பொழப்பு என்ன ஆகும்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா அவங்க பொழப்பைக் கெடுக்கிறது நாம இல்ல. ஈரம் போகக்கூடாதுன்னு போர்டு முழுக்கப் பிசின் ஊத்தி மூடறாங்க. காரணம் சரிதான், ஆனா உள்ள ஒரே ஒரு ரிலே போனாலும் முழு போர்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். சில மாடல்ல வெளித் தொட்டியையே ஒட்டி சீல் பண்ணிடறாங்க, பேரிங் மட்டும் மாத்த வழியில்ல. எந்த மோட்டார் கொடுத்தாலும் காயில் கட்டித் தர்ற எங்க ஊர் வைண்டிங் கடைக்காரர் இதுக்கு முன்னாடி கையைக் கட்டிட்டு நிக்கிறார். திறமை இல்லாம இல்ல. சர்க்யூட் டயகிராம் இல்ல, பார்ட்டும் கிடைக்கல.

ஐரோப்பிய யூனியன்ல 2021 மார்ச்சில் இருந்து, ஒரு மாடல் வாஷிங் மெஷினை விக்கிறதை நிறுத்தினாலும் அதுக்கப்புறம் 10 வருஷத்துக்கு முக்கியமான உதிரி பாகம் கிடைக்கணும், கேட்ட 15 வேலை நாளுக்குள்ள கைக்கு வரணும்னு விதி இருக்கு. பிரான்ஸ்ல அதே வருஷம் ஃப்ரன்ட் லோடு மெஷின் மேல, ரிப்பேர் பண்றது எவ்வளவு சுலபம்னு பத்துக்கு மார்க் போட்டு ஒட்ட ஆரம்பிச்சாங்க. இந்தியாவுல நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதுக்குக் குழு அமைச்சது, டிசம்பர் 24-ல் ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனா தகவல் கொடுங்கன்னு கேட்டுக்கிறதும், கொடுத்தே ஆகணும்னு சட்டம் போடறதும் ஒண்ணு இல்ல.

இதுல நமக்கு என்ன வேலைன்னு கேட்டா, நிறைய இருக்கு. அடுத்த வருஷம் நம்மில் சிலர் பம்ப் கம்பெனியிலயும் அப்ளையன்ஸ் கம்பெனியிலயும் டிசைன் டீம்ல உட்காருவோம். இங்க ஸ்க்ரூ போடலாமா, இல்ல ஒட்டியே விட்டுடலாமான்னு ஒரு மீட்டிங்ல கேள்வி வரும். வாழ்க்கையில ஒரு மெஷினைக்கூடத் திறக்காதவங்க, "ஒட்டிடலாம், செலவு கம்மி"ன்னுதான் சொல்வாங்க. மெஷின் பின்னாடி குந்தி உக்காந்து, கை போகாத இடத்துல ஸ்பேனரை விட்டுத் திணறினவங்க வேற மாதிரி சொல்வாங்க.

அதனால செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட்டும் மல்டிமீட்டரும் எடுத்துட்டுப் போங்க. மெஷின் ஓடிட்டே இருந்தாலும் பரவாயில்ல, இன்லெட் வலையையும் டிரெயின் ஃபில்டரையும் கழட்டிக் கழுவி மாட்டுங்க. அம்மா திட்டினா, பக்கத்துல உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுங்க. அடுத்த தடவை அவங்களே செஞ்சுடுவாங்க.