உங்கள் சுபாவத்தை நீங்கள் அறிவீர்களா?

"அவருடைய குணம் அப்படி" என்று பிறரைப் பற்றி நாம் நாளொன்றுக்குப் பத்துத் தடவை சொல்லுகிறோம். "என்னுடைய குணம் எப்படி?" என்று ஆண்டுக்கு ஒரு தடவையேனும் நம்மை நாமே கேட்பதுண்டா? வைத்தியத் தொழிலில் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையில், தன் சுபாவத்தைத் தான் அறிந்துகொள்வதால் உடலுக்கும் குடும்பத்துக்கும் விளையும் நன்மை பற்றி அங்கத்தவர்களுடன் சில கருத்துக்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மனிதரை வகை பிரித்துப் பார்ப்பது புதிய விஷயமன்று. நமது சித்த வைத்தியம் வாதம், பித்தம், கபம் என்று உடலின் இயல்பைப் பிரித்தது. கீதையின் பதினான்காம் அத்தியாயம் சத்துவம், இராசதம், தாமதம் என்ற முக்குணங்களை விரித்துரைக்கிறது. மேல்நாட்டில் பண்டைக் கிரேக்க வைத்தியர்கள் உடலில் நான்கு நீர்கள் உண்டு என்றும் அவற்றின் ஏற்றத்தாழ்வே சுபாவம் என்றும் கருதினார்கள். சுவிற்சர்லாந்து மனநல வைத்தியரான கார்ல் யுங், 1921இல் வெளியிட்ட நூலில், உள்முகமாக நோக்குபவர், வெளிமுகமாக நோக்குபவர் என்ற பிரிவை விளக்கினார். அதை அடியொற்றி அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மயர்ஸ்-பிறிக்ஸ் பரீட்சையை அமைத்தார்கள். இன்று கனடாவில் நமது பிள்ளைகள் பலர் தாங்கள் எந்த வகை என்பதை நான்கு ஆங்கில எழுத்துக்களில் சொல்லிவிடுகிறார்கள்.

இவற்றால் உண்மையில் பயன் உண்டா? இருதய நோய் பற்றிய ஒரு வரலாறு இதற்கு நல்ல விடை தருகிறது.

சான் பிரான்சிஸ்கோவில் மெயர் பிரீட்மன், ரே றோசன்மன் என்ற இரு இருதய வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களுடைய நோயாளர் காத்திருக்கும் அறையில் இருந்த நாற்காலிகளின் முன்விளிம்பு மட்டுமே தேய்ந்திருந்ததாம். வந்தவர்கள் சாய்ந்து அமராமல் விளிம்பிலேயே இருந்து தவித்தார்கள் என்பது பொருள். எந்நேரமும் அவசரம், போட்டி, பொறுமையின்மை, சட்டென எழும் சினம் ஆகியவற்றை உடையவர்களை 'ஏ' வகையினர் என்று இவ்விருவரும் 1959இல் எழுதினார்கள். பின்னர் இருதய நோய் இல்லாத 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் கவனித்தார்கள். 'ஏ' வகையினருக்கு இருதய நோய் ஏறக்குறைய இரு மடங்கு வந்ததென்று 1975இல் முடிவு வெளியாயிற்று.

கதை இத்துடன் முடியவில்லை. பின்வந்த ஆராய்ச்சிகள் பலவற்றில் அதே முடிவு கிடைக்கவில்லை. அதே ஆண்களுள் இருதய நோய் வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, 'ஏ' வகையினரே பின்னர் அந்நோயால் குறைவாக இறந்தார்கள் என்று 1988இல் தெரியவந்தது. இந்த ஆராய்ச்சிகள் பலவற்றுக்குப் புகையிலைக் கம்பனிகள் பணம் கொடுத்தமையும் பின்னாளில் வெளியாயிற்று. மாரடைப்புக்குச் சிகரெட்டைவிட புகைப்பவரின் சுபாவமே காரணம் என்று சொல்வது அவர்களுக்கு வசதியாக இருந்தது. கடைசியில், அவசரத்தையும் உழைப்பையும் விட, பிறர் மீது மனத்தில் வளர்க்கும் சினமும் பகைமையுமே இருதயத்துக்குக் கூடிய கேடு என்ற கருத்து வலுப்பெற்றது.

ஆனால் பயன் தந்த ஒரு பகுதி உண்டு. மாரடைப்பு வந்து தப்பிய ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிரீட்மன் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு வழமையான ஆலோசனையும், இன்னொரு பிரிவினருக்கு அதனுடன் சுபாவத்தைத் தணிக்கும் பயிற்சியும் கொடுத்தார். கடையில் நீளமான வரிசையில் வேண்டுமென்றே நிற்பது, மெதுவாகச் செல்லும் வழியில் கார் ஓட்டுவது, பிறர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்பது போன்ற எளிய பயிற்சிகளே அவை. நான்கரை ஆண்டுகளில் முதற் பிரிவினரில் நூற்றுக்கு 21 பேரை இருதயம் மறுபடி தாக்கியது. பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 13 பேரை மட்டுமே தாக்கியது. பிரீட்மனும் 'ஏ' வகையினரே. தமது ஐம்பத்தைந்தாவது வயதில் மாரடைப்பைக் கண்டவர், தம்மை மாற்றிக்கொண்டு 2001இல் தொண்ணூறாவது வயதிலேயே காலமானார்.

தெற்காசியரான நமக்கு இருதய நோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது. ஸ்ரௌவ்வில் நகரிலிருந்து விடியற்காலை ரயிலேறி ரொறன்ரோ செல்பவர்களும், 404ஆம் நெடுஞ்சாலையில் முன்னால் செல்லும் காரைத் திட்டிக்கொண்டே போகிறவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். "எனக்குக் கோபம் வரும், என் சுபாவம் அப்படி" என்று பெருமையாகச் சொல்வது, "எனக்கு இரத்த அழுத்தம் உண்டு, மருந்து எடுக்கமாட்டேன்" என்பதற்குச் சமம். சுபாவத்தை அறிவது நோயை அறிவது போன்றது. அறிந்தபின் செய்ய வேண்டியதைச் செய்தால்தான் பலன்.

இரண்டாவது நன்மை வீட்டுக்குரியது. கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையை "வாய் திறந்து பேசு" என்று நான்கு பேர் முன் அதட்டுகிறோம். கலகலப்பான பிள்ளைக்கு "வாயாடி" என்று பெயர் வைக்கிறோம். ஒருவருக்குத் தனிமையில் களைப்பு ஆறுகிறது, மற்றவருக்கு நாலு பேரோடு பேசினால்தான் ஆறுகிறது. இரண்டும் குறையல்ல. கணவன் மனைவியரிடையே எழும் பிணக்குகள் பலவற்றின் வேரும் இதுவே. ஒருவர் உடனே பேசித் தீர்க்க விரும்புவார், மற்றவர் ஒரு நாள் யோசிக்க விரும்புவார். இதை அறியாத இடத்தில் ஒருவர் மற்றவரை அன்பில்லாதவர் என்று எண்ணிவிடுகிறார்.

மூன்றாவது நன்மையை ஒரு வைத்தியனாக நான் மிகவும் வற்புறுத்துவேன். வழமையான சுபாவம் தெரிந்தால்தான் அதில் ஏற்படும் மாற்றம் தெரியும். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோர், மாரிகாலத்தில் பேச்சைக் குறைத்து அறைக்குள் முடங்கினால் "வயது போனால் அப்படித்தான்" என்கிறோம். நித்திரை, பசி, பிடித்த காரியங்களில் நாட்டம் ஆகியன இரண்டு வாரத்துக்கு மேலாகக் குன்றியிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைரொயிட் குறைபாடாகவும் இருக்கலாம். என்றும் சாந்தமானவர் அறுபது வயதில் திடீரென முரடரானால் அது மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். இவை சுபாவம் அல்ல. குடும்ப வைத்தியரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வகைகள் பெட்டிகள் அல்ல. பதினாறு வகைப் பரீட்சையைச் சில வாரங்களின் பின் மறுபடி எழுதுவோரில் கணிசமானோர் வேறு வகைக்குள் வந்துவிடுகிறார்கள். உயரம் போலவே சுபாவமும் கூடிக் குறைந்து எல்லோரிடமும் உண்டு என்பதே இன்றைய உளவியலாளர் பலரின் முடிவு. வயது ஏற ஏறப் பெரும்பாலோர் பொறுப்பும் இணக்கமும் கூடியவர்களாகிறார்கள் என்பதும் அவர்கள் கண்டது. எனவே இதனை இன்னொரு சாதகக் குறிப்பாக்கி, சம்பந்தம் பேசவும் பிள்ளைக்குத் தொழில் தீர்மானிக்கவும் பயன்படுத்த வேண்டாம். கீதையும் முக்குணங்கள் எல்லோரிடமும் கலந்துள்ளன, ஒன்று மேலோங்கும்போது மற்றவை அடங்குகின்றன என்றே சொல்லுகிறது. அத்துடன் குணங்களைக் கடந்தவனின் இலக்கணத்தையும் கூறி அந்த அத்தியாயத்தை நிறைவு செய்கிறது.

செய்ய வேண்டியது எளிது. உங்களை நன்கு அறிந்த மூவரிடம், வாழ்க்கைத் துணை உட்பட, இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எப்போது நான் பொறுமை இழக்கிறேன்? எதனால் களைத்துப் போகிறேன்? விடையை மறுத்துப் பேசாமல் கேட்பதே முதற் பயிற்சி. பின்னர் ஒரு பழக்கத்தை மாத்திரம் எடுத்து மூன்று மாதம் முயன்று பாருங்கள்.

உழவாரம் ஏந்திய அப்பரும், பாலகனாகப் பாடிய சம்பந்தரும், இறைவனைத் தோழனாகக் கொண்டு உரிமையோடு பழகிய சுந்தரரும், அமைச்சர் பதவியை விட்டு உருகிய மாணிக்கவாசகரும் நான்கு வேறு சுபாவத்தினர். சிவாலயங்களில் அவர்கள் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். நமது சங்கத்திலும் விரைந்து செய்பவர், நிதானித்துச் செய்பவர், பேசுபவர், பேசாதவர் ஆகிய எல்லோருக்கும் இடம் உண்டு. அடுத்த கூட்டத்தில் ஒருவர் மீது சினம் எழும்போது இதனை நினைவில் கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.