புத்தகமா, பருவ இதழா? ஞான் போஸ்டும் மாத நாவலும்

நூல்களுக்கான அஞ்சல் சேவையான ஞான் போஸ்ட் வந்த நாள்முதல் பதிப்பாளர்களிடமும் நூலகர்களிடமும் பேச்செல்லாம் கட்டணத்தைச் சுற்றியே நடக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. 2024 டிசம்பரில் பதிவு நூலஞ்சல் முன்னறிவிப்பின்றி நின்றுபோனபோது எல்லோரும் பட்ட பாட்டை நினைத்தால், 2025 மே 1 முதல் கிடைத்திருக்கும் இந்தச் சேவை பெரிய ஆறுதல். தரைவழியே மெதுவாகத்தான் போகிறது என்றாலும், பொட்டலம் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள முடிகிறது. அஞ்சல் துறை செய்திருப்பது நல்ல காரியம். இவ்விதழ் அதை மனமார வரவேற்கிறது.

ஆனால் தகுதிப் பிரிவை யாரும் ஊன்றிப் படித்ததாகத் தெரியவில்லை. கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்கள் போகலாம். வணிகத் தன்மையுள்ள வெளியீடுகள், பருவ இதழ்கள், விளம்பரம் தாங்கியவை ஆகிய மூன்றும் போகக் கூடாது. நூற்பட்டியலுக்கும் சிறு அறிவிப்புகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் நூலில் இருக்க வேண்டும். போட்டித் தேர்வு வழிகாட்டியும் தோத்திரத் திரட்டும் இந்த வாசலில் தடையின்றி நுழைந்துவிடும். மாத நாவலை மூன்று தடைகளும் ஒருசேர மறிக்கின்றன. அது விற்பனைக்காகவே அச்சாவது, மாதந்தோறும் வருவது, அட்டையின் உட்பக்கத்தில் விளம்பரம் சுமப்பது.

சில கிராம் எடையுள்ள பொருளுக்கு அஞ்சல் சலுகை இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். தனி இதழுக்கு அது சிறிய தொகைதான். நாற்பது ஆண்டு இதழ்களைக் கட்டுக்கட்டாக வாங்கிச் சேர்க்கும் ஆய்வு நூலகத்துக்கும், பழைய புத்தகக் கடைக்காரரிடம் கடிதம் எழுதி வரவழைக்கும் ஆய்வு மாணவருக்கும் அது சிறிய தொகை அல்ல. அதைவிட முக்கியமானது, ஓர் அரசுத் துறை எதை நூல் என்று ஒப்புக்கொள்கிறது என்பது. ஒரு துறை எழுதிய வரையறையை அடுத்த துறை எடுத்துக்கொள்வது நிர்வாக வழக்கம். நூலகத் துறை அதை எடுத்துக்கொள்ளும் நாள் வந்தால், இந்திய வெகுஜனப் புனைவின் பெரும்பகுதி ஆவணமாகும் தகுதியை இழந்துவிடும்.

பெரும்பகுதி என்பது மிகையல்ல. இந்திய மொழிகளில் வெகுஜனப் புனைவு பருவ வெளியீடாகவே வளர்ந்தது. உருதுவில் இப்னே சஃபியின் ஜாசூசி துனியா 1952இல் அலகாபாத்திலிருந்து மாதந்தோறும் வரத் தொடங்கியது. அவர் அதே ஆண்டு பாகிஸ்தான் போன பிறகும் எல்லையின் இருபுறத்து வாசகர்களும் அடுத்த மாதத்துக்காகக் காத்திருந்தார்கள். மலையாளத்தில் முட்டத்து வர்க்கியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பைங்கிளி நாவல் வார இதழ்களின் தொடர்கதைப் பக்கங்களில் தழைத்தது. கோட்டயம் புஷ்பநாத்தின் துப்பறியும் கதைகளும் அதே வழியில்தான் வாசகரைச் சேர்ந்தன. தமிழில் ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் என்று பட்டியல் நீளும். ராஜேஷ்குமாரின் நாவல்கள் மட்டும் 1,500க்கு மேல்.

இந்திய ஆங்கில வெகுஜன நாவலின் கதை வேறு. சேத்தன் பகத்தின் முதல் நாவல் 2004இல் 95 ரூபாய் விலையில் வந்தபோதே ஐஎஸ்பிஎன் எண்ணோடு வந்தது. அமிஷின் சிவா வரிசை 2010இல் தொடங்கியபோதும் அப்படியே. இவையும் சந்தைக்காக எழுதப்பட்டவைதாம், விமான நிலையக் கடையிலும் நடைபாதையிலும் விற்றவைதாம். ஆயினும் ஞான் போஸ்ட் முகப்பில் இவற்றைப் புத்தகமல்ல என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. விதியில் மொழியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருந்தும் அது நடைமுறையில் மொழிகளுக்கிடையே கோடு கிழிக்கிறது. ஆங்கிலப் புனைவு கோட்டுக்கு உள்ளே நிற்க, தமிழும் இந்தியும் உருதும் மலையாளமும் வெளியே நிற்கின்றன.

இதற்குக் கூர்மையான சான்று சென்னையிலேயே இருக்கிறது. பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் வெகுஜனக் கதைகளை பிரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தொகுப்பாகக் கொண்டுவந்தது. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன், ரமணிசந்திரன் என்று பெட்டிக்கடை வாசகர்கள் அறிந்த பெயர்கள் அதன் வழியே ஆங்கிலப் புத்தகக் கடைக்குப் போயின. பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாக வைக்கலாம், பண்பாட்டு நூல் என்று அஞ்சலில் அனுப்பலாம். அந்தக் கதைகளைப் பெற்ற மாத நாவல் மரபுக்கோ அதே முகப்பில் இடமில்லை. இந்தியிலும் இதே கதைதான்: சுரேந்தர் மோகன் பாடக் பல ஆண்டுகள் மட்டமான பழுப்புத் தாளில் எழுதிக் குவித்தவர். 2014இல் அவருடைய இந்தி நாவல் பெரிய பதிப்பகத்தின் வெள்ளைத் தாளுக்கு வந்ததும் மதிப்புரைகளின் தொனியே மாறியது. எழுத்தாளர் அவரேதான், மாறியது தாளும் கட்டும்.

நூலகத் துறைக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல, விடையும் தெரியாததல்ல. ஒரு பொதுத் தலைப்பின் கீழ் எண்ணிட்டு வந்தாலும் ஒவ்வொரு இதழும் தன்னளவில் முழுமையான படைப்பாக இருந்தால் அதைத் தனிநூல் தொடர் என்கிறோம். தொடருக்கு ஐஎஸ்எஸ்என் எண்ணும் அதன் ஒவ்வொரு நூலுக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணும் கொடுக்கலாம் என்பதே உலக நடைமுறை. மாத நாவலின் இயல்பும் இதுதான். முகப்பில் மலர், இதழ் எண்கள் இருக்கலாம், கடைசிப் பக்கத்தில் அடுத்த மாத நாவலின் அறிவிப்பு இருக்கலாம். உள்ளே இருப்பது முடிந்த ஒரு நாவல். ராணிமுத்து அகிலன் போன்றோரின் நாவல்களை மலிவு விலையில் வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. பதிப்பகம் கட்டித் தந்தால் நூல், அதே நாவலை ராணிமுத்து அச்சிட்டால் இதழ் என்று பிரித்தால், பட்டியலாக்கத்தின் அரிச்சுவடியே பொருளற்றுப் போகும்.

சட்டமும் மாத நாவலின் பக்கமே நிற்கிறது. நூல்கள் ஒப்படைப்புச் சட்டம் 1954இல் வந்தது, 1956 திருத்தம் நாளிதழ்களையும் அதற்குள் கொண்டுவந்தது. பொதுச் செய்தியோ அதன்மீதான கருத்துரையோ கொண்ட பருவ வெளியீடு எதுவோ அதுவே அச்சட்டத்தின்படி நாளிதழ். மற்ற தொகுதி, தொகுதியின் பகுதி, சிறு வெளியீடு எல்லாம் நூல். 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள, 2023ஆம் ஆண்டுப் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டமும் பருவ இதழ் என்பதைப் பொதுச் செய்தியை வைத்தே வரையறுக்கிறது, புத்தகத்தை வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் ஒரு கொலையைத் துப்பறிவது எந்த அகராதிப்படியும் பொதுச் செய்தி ஆகாது. ஆக, மாத நாவல் சட்டத்தின் எழுத்துப்படி நூல்தான். வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அப்படிச் சேர்ந்திருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய அதிகாரிகள் எழுபது ஆண்டுகளாகக் கேட்கவில்லை. ஒப்படைக்கத் தவறினால் 50 ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும் என்று சட்டத்தில் எழுதிவைத்தார்கள். அந்தத் தொகையைக்கூடக் காலத்துக்கேற்ப மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. 1867ஆம் ஆண்டு அச்சக, நூல் பதிவுச் சட்டத்தின்கீழ் மாகாண அரசுகள் காலாண்டுக்கு ஒருமுறை நூற்பட்டியல் வெளியிட்டன. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் எழுதிய துப்பறியும் நாவல்களின் சுவட்டை இன்று தேடுவோருக்கு அந்தப் பட்டியல்கள்தாம் முதல் துணை. காலனி ஆட்சி கண்காணிப்புக்காகச் செய்த வேலை அது. ஆனாலும் எது அச்சானது என்பதற்கு ஒரு பதிவு மிஞ்சியது. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் புத்தகங்களைத் தன் பொறுப்பிலிருந்து முழுமையாகக் கழற்றிவிட்டது, அந்தப் பொறுப்பை ஏற்க வேறு சட்டமும் வரவில்லை. சுதந்திர நாடு தன் மக்கள் என்ன படித்தார்கள் என்பதை அந்நிய ஆட்சியின் அளவுக்குக்கூடப் பதிந்துவைக்காதிருப்பது வேதனைக்குரியது.

பொது நூலகங்களின் நிலையும் இதே. மாத நாவல் பருவ இதழ்க் கணக்கில் வாங்கப்படுகிறது. மேசையில் கிடந்து, அட்டை கிழிந்து, கம்பி ஊக்கு துருவேறி, பிறகு பழைய நாளிதழ்களோடு கழிவுத்தாளாக எடைக்குப் போகிறது. வரவுப் பதிவேட்டில் ஏறாத பொருளுக்குக் கழிவு நீக்கக் குழுவின் ஒப்புதலும் வேண்டியதில்லை. சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக 1948இல் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று விதி வகுத்த ரங்கநாதன் பிறந்த மண் இது. இங்கே மிக அதிகமானோர் கையில் எடுத்துப் படித்த நூல்வகை கிலோக் கணக்கில் கரைந்ததற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. சேர்த்துக் காக்கும் வேலையைத் தனியொருவர் செய்யவேண்டியிருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா புகழ்பெற்ற நூல்களோடு துண்டறிக்கையையும் அழைப்பிதழையும்கூடக் குப்பை என்று ஒதுக்காமல் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிதறாமல் வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். 1994இல் சென்னையில் அது ஆய்வு நூலகமாக எழுந்தது.

மறுபதிப்புகள்தாம் வருகின்றனவே, மூல இதழ் எதற்கு என்று சில நூலகர்களே கேட்பதுண்டு. வகைமைப் புனைவை வாசிப்பவருக்கு மூல இதழ்தான் சான்று. ராஜேஷ்குமாரின் கதைகளில் இரு தடங்கள் மாறிமாறி ஓடிக் கடைசியில் முட்டிக்கொள்ளும் அமைப்பை, பக்க அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட இதழோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கைத்திறன் விளங்கும். நாவலுக்கு முன்னால் பதிப்பாசிரியர் எழுதும் முன்னுரை, பின்னால் வரும் வாசகர் கடிதம், நடுவே வரும் விளம்பரம் ஆகியவை அந்த நாவலை யார் படித்தார்கள், எந்த ஊரில் படித்தார்கள், எதற்காகக் கோபித்தார்கள் என்று சொல்கின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ போன்ற ஆய்வு நம் காலத்து நாவல்களுக்கும் எழுதப்பட வேண்டுமானால் இந்தப் பக்கங்கள் இருந்தாக வேண்டும். மறுபதிப்பு முதலில் வெட்டி எறிவது இவற்றைத்தான். ஞான் போஸ்ட் விதி தகுதியின்மை என்று சுட்டும் விளம்பரமே ஆய்வாளருக்கு ஆதாரம்.

விதியின் நான்கு வகைகளை முகப்பு எழுத்தர் எப்படிப் பிரிப்பார் என்பதும் தெளிவாக இல்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் சித்தர் கதை சமய நூலா, மர்ம நாவலா? ரமணிசந்திரனின் குடும்ப நாவல் சமூக நூல் ஆகாதா? சுஜாதாவின் கணேஷும் வசந்தும் நீதிமன்றத்தில் வாதாடுவதில் பண்பாடு இல்லையா? வகைமைகள் ஒன்றோடொன்று கலப்பதே இந்தப் புனைவின் உயிர். அதைப் பிரித்துச் சொல்ல ஆய்வாளர்களே தயங்குகிறார்கள். வரிசையில் நிற்பவருக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லவேண்டிய ஊழியர்மீது அந்தச் சுமையை ஏற்றியவர்கள், ஒரு நூலகரையாவது கலந்து பேசியிருக்கலாம்.

காலமும் குறைவு. இன்றைய குடும்ப நாவலும் அமானுஷ்ய நாவலும் கிண்டிலுக்கும் பிரதிலிபிக்கும் இடம்பெயர்ந்துகொண்டிருக்கின்றன. அச்சையும் கல்லச்சையும் மட்டும் அறிந்த 1954 சட்டம் அங்கே எட்டாது. அச்சில் வந்ததையாவது இப்போதே ஒழுங்குபடுத்தாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு இரண்டும் இருக்காது.

அஞ்சல் துறை செய்யவேண்டியது ஒரு வரித் திருத்தம்: பருவ இதழ் என்ற விலக்கு, பொதுச் செய்தி கொண்ட வெளியீடுகளுக்கு மட்டும் பொருந்தும் என்று விளக்கச் சுற்றறிக்கை விட்டால் போதும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். அட்டை விளம்பரத்தையும் நூற்பட்டியலோடு சேர்த்து விலக்களிக்க வேண்டும். ஒப்படைப்பு நூலகங்கள் மாத நாவல் வெளியீட்டாளர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

சுற்றறிக்கை வரும்வரை நூலகர்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கையில் உள்ள மாத நாவல்களை இதழ்ப் பதிவிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிநூல் பதிவு போடலாம். பட்டியலாக்க வடிவமான மார்க் 21இல் தொடரின் பெயரும் எண்ணும் 490ஆம் புலத்தில், வேறு தலைப்பில் மறுபதிப்பு வந்திருந்தால் 246இல், துப்பறிதல், குடும்பம், அமானுஷ்யம் என்ற வகைமை 655இல் ஏறட்டும். விவேக், ரூபலா, நரேந்திரன், வைஜயந்தி, பரத், சுசிலா போன்ற தொடர் பாத்திரங்களையும் தேடுசொற்களாகக் கொடுக்கலாம். வாசகர் பலரும் ஆசிரியர் பெயரோடு அவர்களையும் சொல்லித்தான் நூல் கேட்கிறார்கள். கழிவு நீக்கப் பட்டியல் தயாராகும் முன், எந்த ஆண்டு, எந்த மாத இதழ்கள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி அனுப்பும் கிளை நூலகங்களின் பட்டியலை இவ்விதழ் அடுத்த இதழ்முதல் தொடர்ந்து வெளியிடும்.