நாற்காலியை விட்டு எழுந்தவர்

ஹார்வர்டு என்றால் நம் வீடுகளில் தனி மரியாதை. பேரனோ பேத்தியோ அங்கே சேர்ந்துவிட்டால் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் அதன் முதல் தலைவர் ஹென்றி டன்ஸ்டரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. நம்மைப் போல ஓய்வு பெற்றவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் அவர்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்த மதபோதகர். 1640இல் மாசசூசெட்ஸ் வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கல்லூரியை அவர் கையில் ஒப்படைத்தார்கள். அப்போது வயது முப்பதுக்குச் சற்று மேல். 1636இல் தொடங்கிய அந்தக் கல்லூரி பெயருக்குத்தான் இருந்தது. முன்பு நடத்திய நத்தேனியல் ஈட்டன் உதவியாளரைத் தடியால் அடித்தார், மாணவர்களுக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடவில்லை என்று வெளியேற்றப்பட்டு, பாடமே நின்றுபோயிருந்தது.

டன்ஸ்டர் அதைத் தூக்கி நிறுத்தினார். 1642இல் முதல் முறையாக ஒன்பது பேர் பட்டம் பெற்றார்கள். 1650இல் அவர் காலத்தில் கிடைத்த சாசனம்தான் இன்றும் ஹார்வர்டுக்கு அடிப்படை. ஆங்கிலேயப் பிள்ளைகளோடு அந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகளின் கல்வியையும் அது குறிப்பிடுகிறது.

பிறகுதான் சிக்கல். விசுவாசத்தை அறிந்து ஏற்றுக்கொள்பவருக்கே ஞானஸ்நானம், கைக்குழந்தைக்கு அல்ல என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1653இல் தன் குழந்தைக்கே அதைக் கொடுக்க மறுத்தார். அரசும் சபையும் ஒன்றாயிருந்த ஊர். குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்ப்பவர்களை நாடு கடத்த 1644லேயே சட்டம் போட்டிருந்தார்கள். பேசாமல் இருந்தால் பதவியில் தொடரலாம் என்றார்கள். அவரோ 1654இல் கோவிலில் ஒரு ஞானஸ்நானச் சடங்கின் நடுவே எழுந்து மறுத்துப் பேசினார். அக்டோபரில் பதவி விலகினார். வீட்டில் நோயாளிகள், பனிக்காலம் வேறு. வீட்டைக் காலி செய்ய மார்ச் வரை அவகாசம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்த சார்ல்ஸ் சான்சிக்கும் மாற்றுக் கருத்து உண்டு. குழந்தையைத் தண்ணீரில் முழுக்கித்தான் ஞானஸ்நானம் தர வேண்டும் என்பது அவர் கட்சி. அதை வெளியே பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டு, 1672இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.

இளம் வயதில் படித்திருந்தால் சான்சியைக் கோழை என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கல்லூரியை நடத்த ஒருவர் வேண்டுமே! எல்லாக் கருத்துக்காகவும் வேலையை விட்டால் எந்த நிறுவனமும் நிற்காது. ஆனால் சான்சி விட்டுக்கொடுத்தது செய்யும் முறையை. டன்ஸ்டரிடம் கேட்டது அதுவல்ல. தன் பிள்ளைக்குத் தவறென்று தள்ளியதை ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்யும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னார்கள். அந்த மௌனத்துக்கு அவர் சம்மதிக்காதது சரியே.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிந்தைய கதை. பிளிமத் பகுதியின் சிட்சுவேட்டில் போதகராக இருந்து 1659இல் இறந்தார். தன் உடலைப் பழைய கேம்பிரிட்ஜ் ஊரிலேயே அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். தன்னை வெளியேற்றியவர்களுக்கே உயிலில் ஏதோ விட்டுப்போனார் என்று காட்டன் மாத்தர் எழுதிவைத்திருக்கிறார்.

பதவி போய்ப் பல வருஷம் ஆன பிறகும் பழைய மேலதிகாரியைத் திட்டிக்கொண்டே காலை நடை போகிறோமே, நாம் எத்தனை பேர்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.